மெஷின் எண்ணெயும் சுண்டுவிரல் ரயிலும்

தையலம்மாவுக்குக் கடை என்று தனியாக ஒன்று கிடையாது. இரண்டாம் மாடியில் அவள் குடியிருக்கும் வீட்டின் முன்னறைதான் கடை. ஜன்னலோரம் தையல் மெஷின், நடுவில் துணி வெட்டும் மேஜை, சுவரோரம் கம்பியில் தொங்கும் கோட்டுகள், ஒரு மூலையில் இஸ்திரிப் பலகை, இன்னொரு மூலையில் உடை மாற்றிப் பார்ப்பவர்களுக்கு ஒரு மறைப்புத் துணி. மிச்சமிருக்கும் இடத்தில்தான் மனிதர்கள் நிற்கவேண்டும். புதிதாகத் தைத்துக் கொடுப்பது அவள் தொழில் இல்லை. கடையில் வாங்கிய உடுப்பு யாருக்கும் அப்படியே பொருந்துவதில்லை அல்லவா, அதை இடுப்பில் பிடிப்பது, தோளில் விடுவது, கால் நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, கிழிசலைக் கிழிசல் தெரியாமல் மூடுவது, இவைதான் வேலை. ஊரில் எல்லாரும் ஒரே அளவில் பிறந்திருந்தால் தன் பிழைப்பில் மண்தான் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

அவளுக்கு இரண்டு பிடிவாதங்கள் உண்டு. துணி வெட்டும்போது பக்கத்தில் யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்பது ஒன்று. தப்பாகத் தைத்தால் பிரித்துக்கொள்ளலாம், தப்பாக வெட்டினால் ஒட்டவா முடியும்? இன்னொன்று எண்ணெய். வாரக் கடைசியில் மெஷினைப் பிரித்து, பஞ்சு தட்டி, கூர்மூக்கு எண்ணெய் டப்பாவை எடுத்து ஒவ்வொரு மூட்டுக்கும் ஒரு சொட்டு விட்டுவிட்டுத்தான் அன்றைக்குக் கடையை மூடுவாள். மெஷினோடு அது நிற்பதும் இல்லை. கதவுக் கீல், கத்தரிக்கோல், ஜன்னல் கொக்கி, பக்கத்து வீட்டுக் குழந்தை வண்டியின் சக்கரம், எது முனகினாலும் அவள் கையில் டப்பாவோடு வந்து நிற்பாள். ஓடுகிற எதற்கும் எண்ணெய் கேட்கும், கொடுக்காதவர்கள் கல்நெஞ்சுக்காரர்கள் என்பது அவள் கட்சி. நல்ல கட்சிதான். ஒரே ஒரு இடத்தில் அது அவளைக் கவிழ்த்துவிட்டது, அந்தக் கதைதான் இது.

அவள் கணவர் டவுன் பஸ் டிரைவர். முப்பது வருஷத்துக்கு மேல் ஊரைக் குறுக்கும் நெடுக்குமாக அளந்தவர். தெருவில் எல்லாருக்கும் அவர் டிரைவர் சார்தான், ஸ்டியரிங்கை விட்டு இறங்கிய பிறகும் அந்தப் பெயர் இறங்கவில்லை. அவர் காலையில் கிளம்பினால் இருட்டிய பிறகுதான் வீடு. அந்த இடைப்பட்ட பகல் முழுவதும் முன்னறை அவளுடையது. மெஷின் சத்தம், கத்தரிச் சத்தம், அவ்வப்போது யாராவது படியேறி வரும் சத்தம். அந்த அமைதியில்தான் அவள் மகளை வளர்த்தாள், படிக்க வைத்தாள், வேறு ஊருக்கு வேலைக்கும் அனுப்பிவைத்தாள்.

அப்புறம் டிரைவர் ஓய்வு பெற்றார்.

ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்பார்கள். ஓட்டின காலும் அப்படித்தான். முதல் வாரம் வீட்டுக்குள் குட்டி போட்ட பூனை மாதிரி நடந்தார். இரண்டாம் வாரம் முன்னறையில் இஸ்திரிப் பலகைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். அதோடு தையலம்மாவின் அமைதிக்கு டிக்கெட் கிழிந்தது. வருகிறவர்களிடம் "உள்ள தள்ளி நில்லுங்க, வழியில நிக்காதீங்க" என்பார். உள்ளே தள்ளி நிற்கத்தான் அந்த அறையில் இடம் ஏது? நாலு மணிக்கு வருவதாகச் சொன்னவர் கொஞ்சம் பிந்தி வந்தால் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பார், பிறகு அவரைப் பார்ப்பார். கால்சட்டை இடுப்பைத் தளர்த்தி விடச் சொல்லி வந்த பாங்க்காரரிடம், போன தடவையும் விடத்தானே சொன்னீங்க என்று கேட்டுவைத்தார். கேட்டதில் பொய் ஒன்றும் இல்லை, ஆனால் உண்மையை எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தால் தையல் கடை நடக்குமா?

தையலம்மா ஜாடை காட்டினாள், முறைத்தாள். மகளிடம் போனில் புலம்பினாள். அப்பாவுக்கு ஏதாவது பொழுதுபோக்குப் பிடித்துக் கொடுங்கள் என்றாள் மகள். தையலம்மா அவரை நடைப்பயிற்சிக்கு அனுப்பிப் பார்த்தாள். போன மனிதர் வழியில் நின்ற பஸ்களின் டிரைவர்களுக்கெல்லாம் பாடம் எடுத்துவிட்டு, யாருக்குமே கிளட்ச் மிதிக்கத் தெரியவில்லை என்ற வருத்தத்தோடு திரும்பி வந்தார். பள்ளிக்கூட டீச்சர் ஒருவரின் நீலக் கோட்டுக்குக் கை குறைக்கும்போதுதான் அது நடந்தது. அவள் கத்தரியை வைத்த அந்த நொடியில் டிரைவர் ஜன்னல் வழியாக எதையோ பார்த்துவிட்டு, "அடடா, லேன் மாறிட்டானே" என்று கத்த, கை ஆடி, கோட்டின் கை ஒரு விரல் அளவு கூடுதலாக வெட்டுப்பட்டுவிட்டது. உள்மடிப்பை விட்டு ஒப்பேற்றிவிட்டாள்தான். ஆனால் அன்றைக்கே முடிவு கட்டினாள், இந்த மனிதர் வாயை அடைக்க ஒரு வழி கண்டுபிடிக்காவிட்டால் தொழிலுக்கு முழுக்குத்தான்.

வழி ஒரு கறுப்பு வெல்வெட் துணி ரூபத்தில் வந்தது. பஸ் நிலையத்துக்குப் பின்னால் மாடிப்படிக்கு அடியில் மாதிரி வண்டிகள் விற்கும் ஒரு சின்னக் கடை இருக்கிறது. அதன் முதலாளி நெற்றியில் எப்போதும் ஒரு பூதக்கண்ணாடியை ஏற்றி வைத்திருப்பதால் லென்ஸ்காரர் என்று பெயர். கண்ணாடிப் பெட்டிக்குள் விரிக்க வெல்வெட்டுக்கு ஓரம் அடிக்கச் சொல்லியிருந்தார். அதைக் கொண்டுபோய்க் கொடுத்த தையலம்மா, பெட்டிக்குள் ஓடிக்கொண்டிருந்ததைப் பார்த்து நின்றுவிட்டாள். ஒரு ரயில். எஞ்சின் அவள் சுண்டுவிரல் நீளம்தான். இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே ஒரு சட்டைப் பொத்தானை வைத்தால் இரண்டு பக்கமும் இடிக்கும். பெட்டிகளில் ஜன்னல், ஜன்னலுக்குள் இருக்கை, இருக்கையில் எறும்புத் தலையளவு மனிதர்கள்.

இதைவிடச் சின்னதும் உண்டு, ஆனால் தும்மினால் தேட வேண்டியிருக்கும் என்றார் லென்ஸ்காரர். தையலம்மா கேட்ட ஒரே கேள்வி, இது எவ்வளவு இடம் பிடிக்கும் என்பதுதான். ஊசி குத்த இடமில்லாத வீடு அவளுடையது. ஒரு பெரிய தட்டு வைக்கிற இடம் போதும் என்றார் அவர். தொடங்குகிறவர்கள் எல்லாரும் செய்கிற தப்பு ஒன்றையும் சொன்னார். ஆசைப்பட்டு முதல் நாளே நிலையம், மலை, சுரங்கம் என்று வாங்கிக் குவிக்கக் கூடாது. ஒரு எஞ்சின், இரண்டு பெட்டி, ஒரு நீள்வட்டப் பாதை, வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு, இது போதும். முதலில் ஒரு சுற்று ஒழுங்காக ஓடட்டும். கிளம்பும்போது, சுத்தமான இடமா என்று கேட்டார். தினம் இரண்டு வேளை பெருக்குகிற அறை என்று அவள் பெருமையாகச் சொன்னாள். என்ன தொழில் நடக்கும் அறை என்று அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

அவள் வாங்கிவந்த பெட்டியை டிரைவர் திறந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். அறுபது பேரை ஏற்றிக்கொண்டு மேட்டில் வண்டியை நிறுத்திக் கிளப்பின ஆளுக்கு இதுவா என்றார். அன்று சாயங்காலமே அவர் மூலையில் ரயில் பாதை பொருத்திய ஒரு பலகைக்கு முன்னால் மண்டியிட்டு, கன்னத்தைப் பலகையில் ஒட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் ஸ்டியரிங் பிடித்துத் தடித்துப்போன விரல்களுக்கு, அந்த எஞ்சின் சக்கரத்தைத் தண்டவாளத்தில் உட்காரவைப்பதே மல்யுத்தமாக இருந்தது. ஒரு துண்டு பாதையை இன்னொரு துண்டோடு சேர்க்கும் இடத்தில் மயிரிழை இடைவெளி விழுந்தாலும் ரயில் அங்கே செத்து நிற்கும். கண்ணுக்குத் தெரியாத அதை நுனிவிரலால் தடவிக் கண்டுபிடிக்க அவர் கற்றுக்கொண்டார். திருகை முதல் தடவை ஆக்ஸிலேட்டர் மாதிரி முழுதாகத் திருப்பியதில் ரயில் முதல் வளைவிலேயே பறந்தது. கடைசிப் பெட்டி எங்கே போனதென்று அறை முழுக்கத் தவழ்ந்தும் கிடைக்கவில்லை. நாலைந்து நாள் கழித்து பாங்க்காரர் வந்து, தன் கால்சட்டையின் மடிப்புக்குள் அது வேலைக்கே வந்துவிட்டதாகச் சொல்லித் திருப்பிக் கொடுத்தார். இடுப்பு சமாச்சாரத்தில் ஏற்பட்ட மனக்கசப்பு அதோடு தீர்ந்தது.

மெல்ல மெல்ல அவர் ரயில் ஓட்டப் பழகினார். ரயிலை என்றா சொன்னேன்? பஸ்தான் ஓட்டினார். நீள்வட்டத்தில் அங்கங்கே தீப்பெட்டி அட்டையில் நிழற்குடை செய்து ஒட்டினார், ரயில் ஒவ்வொன்றிலும் நின்றது. ஆள் ஏற நேரம் கொடுத்துத்தான் கிளம்பியது. ஒரு ரயில்வே கேட் வைத்தார், அதன் எதிரே லென்ஸ்காரரிடம் வாங்கிய பட்டாணியளவு பஸ் ஒன்றை நிறுத்தினார். உலகத்தில் எல்லா இடத்திலும் ரயிலுக்காக பஸ் நிற்கும். இவர் ராஜ்ஜியத்தில் பஸ் போகும்வரை ரயில் நின்றது. டீச்சர் இதைக் கேட்டதற்கு, இத்தனை வருஷம் கேட்டில் நின்றவனுக்குத்தான் அந்த வலி தெரியும் என்றார்.

தையலம்மாவுக்குக் கேட்டது கிடைத்தது. ரயில் ஓடும்போது டிரைவர் மூச்சைக்கூடப் பிடித்துக்கொள்வார், பேச்சு எங்கே வரும்? அவள் நிம்மதியாக வெட்டினாள், நிம்மதியாகத் தைத்தாள். அது ஒரு மாதம்கூட நீடிக்கவில்லை.

ரயில் திக்க ஆரம்பித்தது. இரண்டு அடி ஓடும், நிற்கும். விரலால் தள்ளினால் ஓடும், மறுபடி நிற்கும். டிரைவர் அதைத் தலைகீழாகப் புரட்டி, அவள் ஊசி கோக்க வைத்திருக்கும் பூதக்கண்ணாடியால் பார்த்துவிட்டு உண்மையைக் கண்டுபிடித்தார். பஞ்சு. தையல் அறையின் காற்றில் பஞ்சு மிதக்காத நேரம் கிடையாது. மனிதர்களுக்குத் தெரியாத அந்தத் துணித்தூசு, இந்த ரயிலுக்குத் பாதையில் விழுந்து கிடக்கும் மரம். இழை இழையாகச் சக்கரத்து அச்சில் சுற்றிக்கொண்டது. டிரைவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, மத்தியானத்தில் கம்பளித் துணி வெட்டாமல் இருக்க முடியுமா என்று கேட்டார்.

வேலியில் போன ஓணானை மடியில் விட்டுக்கொண்டோம் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வாயை அடைக்க வாங்கின ரயில் இப்போது கத்தரியை அடைக்கச் சொல்கிறது. வாய்த் தகராறு முற்றியது. இந்த வீட்டில் உலை கொதிப்பது கத்தரியாலா ரயிலாலா என்று கேட்டாள். கோபத்தில் இன்னொன்றும் சொன்னாள்.

"அதைத் தூக்கி எறிஞ்சாத்தான் எனக்கு நிம்மதி."

அன்றிலிருந்து அவள் கம்பளி வெட்டுவதைப் பற்றி டிரைவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ரயில் நிற்கும், அவர் எடுத்து ஊதுவார், வைப்பார், அது நிற்கும், மறுபடி ஊதுவார். காய்ச்சல்காரக் குழந்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் மாதிரி இருந்தது அவரைப் பார்க்க. எஞ்சின் வேறு கீச்சுக் கீச்சென்று முனக ஆரம்பித்தது. அந்தச் சத்தம் தையலம்மாவின் காதில் விழுந்து மனசில் குத்தியது. சொன்ன சொல்லைத் திரும்ப எடுக்க முடியாது, ஆனால் வேறு ஏதாவது செய்யலாமே என்று தவித்தாள்.

வாரக் கடைசி வந்தது. டிரைவர் கண் டாக்டரிடம் போயிருந்தார். தையலம்மா வழக்கம்போல மெஷினுக்கு எண்ணெய் விட்டாள். டப்பாவை மூடப் போனவள் மூலையைப் பார்த்தாள். எது முனகினாலும் எண்ணெய் விடுகிறவள், இதை மட்டும் ஏன் விட்டுவைத்தோம் என்று நினைத்துக்கொண்டாள். எஞ்சினை எடுத்து, அடியில், பக்கத்தில், சக்கரத்தில் என்று தாராளமாக விட்டாள். கை வந்த வேகத்தில் துணியை எண்ணெயில் நனைத்து, தண்டவாளம் முழுவதையும் பளபளவென்று துடைத்தும் வைத்தாள். வந்து ஓட்டிப் பார்க்கட்டும், எப்படி வழுக்கிக்கொண்டு போகிறதென்று. அவர் முகம் மலர்வதை இப்போதே பார்ப்பது போலிருந்தது அவளுக்கு.

வழுக்கத்தான் செய்தது. டிரைவர் வந்து திருகைத் திருப்பினார். சக்கரம் நின்ற இடத்திலேயே சுழன்றது, எஞ்சின் ஒரு விரற்கடை நகர்ந்தது, அப்புறம் அதுவும் இல்லை. திருகை முழுதாகத் திருப்பிப் பார்த்தார். ரயில் மூச்சுப் பேச்சில்லாமல் கிடந்தது. தையலம்மா மெஷினில் குனிந்தபடி ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் முதுகு காட்டி வெகுநேரம் குனிந்திருந்தார். பிறகு ஒயரைப் பிடுங்கினார். எஞ்சினையும் பெட்டிகளையும் அதனதன் குழியில் வைத்து அட்டைப்பெட்டியை மூடினார்.

"போகட்டும் விடு" என்றார், யாரிடமோ சொல்வது போல.

நான்தான் எண்ணெய் விட்டேன் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் தூக்கி எறியச் சொன்ன வாய் அல்லவா அது? எறியச் சொன்னவளே கெடுத்தும் வைத்தாள் என்றால், வேண்டுமென்று செய்ததாகத்தான் யாரும் நினைப்பார்கள். நாளைக்குச் சொல்லலாம் என்று விழுங்கிவிட்டாள். மறுநாள் விழுங்குவது இன்னும் சுலபமாக இருந்தது.

டிரைவர் காலையில் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு வெளியே கிளம்ப ஆரம்பித்தார். பஸ் நிலையத்தில் ஒரு பெஞ்சு இருக்கிறதாம், பழைய ஆட்கள் வருவார்களாம். இருட்டித்தான் திரும்பினார். வந்தாலும் முன்னறையில் நிற்பதில்லை, நேராக உள்ளே போய்விடுவார். கேட்டால் கேட்டதற்குப் பதில், அவ்வளவுதான். நாற்காலியையும் அவரே மடக்கிக் கதவுக்குப் பின்னால் வைத்துவிட்டார்.

முன்னறை பழையபடி அவளுக்குக் கிடைத்துவிட்டது. முதல் இரண்டு நாள் வேலை பறந்தது. மூன்றாம் நாள் டீச்சர் வந்து கதவருகே நின்றார், நின்றபடியே நின்றார், பிறகு, என்னை யாரும் உள்ளே தள்ளி நிற்கச் சொல்லவில்லையே என்றார். சொன்னவர் கேலியாகத்தான் சொன்னார். தையலம்மா கதவுக்குப் பின்னால் மடங்கிக் கிடந்த நாற்காலியைப் பார்த்தாள். அவர் போன பிறகு ஒரு கால்சட்டையை மேஜையில் விரித்தாள். அறையில் ஒரு சத்தம் இல்லை. அவள் வேண்டும் வேண்டும் என்று கேட்ட அமைதி அதுதான். கத்தரியை வைத்தாள், வெட்டினாள். வெட்டி முடித்த பிறகுதான் சாக்பீஸால் போட்ட கோட்டைத் தாண்டி உள்பக்கமாக வெட்டியிருப்பது தெரிந்தது. இந்தத் தடவை குற்றம் சொல்ல ஆளில்லை.

கத்தரியைக் கீழே வைத்தாள். எஞ்சினை எடுத்து ஒரு பொத்தான் டப்பாவில் போட்டுக்கொண்டு, கதவைப் பூட்டிக்கொண்டு படியிறங்கினாள்.

லென்ஸ்காரர் நெற்றிக் கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கிப் பார்த்தார். மூக்கருகே கொண்டுபோனார்.

"நீங்க தைக்கற இடத்துலயா இதை ஓட்டினீங்க?"

தலையாட்டினாள். எல்லாவற்றையும் சொன்னாள், கம்பளி, சண்டை, எண்ணெய் எல்லாம். அவர் சிரிக்கவில்லை. மெஷினுக்குச் செய்ததை ரயிலுக்குச் செய்திருக்கிறீர்கள் என்றார். மின்சாரம் ஒயரிலிருந்து தண்டவாளத்துக்கு வந்து, தண்டவாளத்திலிருந்து சக்கரம் வழியாகத்தான் எஞ்சினுக்குள் ஏறவேண்டும். நடுவில் எண்ணெய்ப் படலம் இருந்தால் ஏறாது. போதாததற்கு, எடை இல்லாத இந்தச் சக்கரத்துக்கு எண்ணெய்த் தண்டவாளம் பிடிமானமே தராது. கெட்டுப்போகவில்லை, அழுக்காகியிருக்கிறது, அவ்வளவுதான். பஞ்சு உதிர்க்காத துணியில் ஸ்பிரிட்டைத் தொட்டு, தண்டவாளத்தைத் துடைத்து, சக்கரத்தையும் அப்படியே துடைக்கச் சொன்னார். அச்சுக்கு மட்டும் குண்டூசி நுனியில் தொட்டு ஒரு துளி, அதுவும் இதற்கென்று இருக்கிற எண்ணெய். தானே சுத்தம் செய்து தருவதாகவும் சொன்னார். வேண்டாம், கெடுத்த கையே செய்யட்டும் என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

மெஷின் விளக்கடியில் எஞ்சினைத் தலைகீழாக ஒரு பஞ்சணையில் வைத்தாள். தையல் பிரிக்கும் ஊசியை எடுத்தாள். மெஷினின் பாபின் உருளையில் சிக்கின நூலை எடுத்தே பழகின கை, அச்சில் சுற்றியிருந்த இழையின் நுனியைப் பிடித்து நிதானமாக உருவியது. முதலில் வந்தது நீலம், டீச்சரின் கோட்டு. அப்புறம் சாம்பல் நிறம், பாங்க்காரரின் கால்சட்டை. மஞ்சள், மேல்மாடி வீட்டுத் திரைச்சீலை. அவள் அந்த அறையில் தைத்தது அத்தனையும் அந்தச் சுண்டுவிரல் எஞ்சினைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. இத்தனையையும் சுமந்துகொண்டா ஓடினாய் என்று அதனிடமே கேட்டாள். கேட்டது ரயிலையா, அவரையா என்று அவளுக்கே தெரியவில்லை, ஆனால் கண் கலங்கிவிட்டது. துடைத்துக்கொண்டு தண்டவாளத்தைத் துடைக்க உட்கார்ந்தாள்.

டிரைவர் வந்து செருப்பைக் கழற்றினார். உள்ளறைப் பக்கம் திரும்பினவர் நின்றார். மூலையில் ரயில் பலகை போட்டிருந்தது. ரயில் மெதுவாக, ஒரு திக்கல் இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. திருகின் மேல் அவள் கை.

"யாரு ரிப்பேர் பண்ணது?"

"நான்தான். கெடுத்ததும் நான்தான்."

மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள். வாயை அடைக்கத்தான் முதலில் வாங்கினேன் என்பதையும் சேர்த்தே சொன்னாள், உண்மை வந்ததுதான் வந்தது, மிச்சம் எதற்கு என்று. டிரைவர் கதவுக்குப் பின்னாலிருந்து நாற்காலியை எடுத்து விரித்து உட்கார்ந்தார்.

"எண்ணெய் விட்டது நீன்னு எனக்கு அன்னைக்கே தெரியும். தண்டவாளத்தைத் தொட்டு மோந்து பாத்தேன். முப்பது வருஷம் அந்த வாசனையிலதானே சோறு தின்னேன்."

"தெரிஞ்சும் ஏன் ஒரு வார்த்தை கேக்கல?"

அவர் ரயிலையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்னத்தக் கேக்கறது? நான் இங்க இருக்கறது உனக்கு இடைஞ்சல். போங்கன்னு வாயால சொல்ல உனக்கு மனசு வரல, அதான் நீ எண்ணெய விட்டு ரயில நிறுத்திட்டன்னு நெனச்சேன். சரி, எறக்கி விடறதுக்குள்ள நாமளே எறங்கிக்குவோம்னு போயிட்டேன்."

அவளுக்கு முதலில் கோபம்தான் வந்தது. கோபத்துக்கு அடியில் வேறொன்று இருந்தது, அதன் கனம் தாங்காமல்தான் கோபப்பட்டாள்.

"இத்தனை வருஷத்துல, நிக்கணும்னு நெனச்சு எதுக்காவது நான் எண்ணெய் விட்டுப் பாத்திருக்கீங்களா?"

டிரைவர் நியாயமானவர், நிஜமாகவே யோசித்தார். கதவுக் கீலை யோசித்தார், கத்தரியை யோசித்தார், பக்கத்து வீட்டுக் குழந்தை வண்டியை யோசித்தார். அவருடைய சாப்பாட்டு டப்பாவின் கொக்கிக்குக்கூட எண்ணெய் விட்டு அனுப்பியவள் அவள்.

"இல்ல" என்றார்.

"நெனச்சாராம், நெனப்பு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு அவள் டீ போடப் போனாள். பின்னால் திருகு திரும்பும் சத்தம் கேட்டது. ரயில் நிழற்குடையில் நின்று, ஆள் ஏற நேரம் கொடுத்து, கிளம்பியது.

அதற்குப் பிறகு வீட்டில் ஒரு உடன்பாடு வந்தது. கம்பளியும் திரைச்சீலையும் காலையில் வெட்டுவது, அந்த நேரத்தில் டிரைவர் காய்கறி வாங்கப் போவது. மழைக்கோட்டுத் துணி பஞ்சு உதிர்க்காது என்பதால் அதில் பலகைக்கு அளவெடுத்து ஓர் உறை தைத்தாள், ஓரத்தில் எலாஸ்டிக் வைத்து. பகலில் அவர் வாய் முழுதாக அடங்கிவிட்டது என்று சொன்னால் பொய். உள்ளே தள்ளி நிற்கச் சொல்வது திரும்ப வந்தது, டீச்சர் சொன்னபடி தள்ளி நின்றார். துணி வெட்டும்போது மட்டும் அவர் கையை உயர்த்தி எல்லாரையும் நிறுத்துவார், தன்னையும் சேர்த்து.

பலகையை மெஷினுக்குப் பக்கத்தில் நகர்த்தி, அவள் உட்காரும் இடத்துக்கு நேராகப் புதிதாக ஒரு நிழற்குடை ஒட்டினார். ஒரு மத்தியானம் ரயில் அங்கே வந்து நின்றது, நின்றபடியே இருந்தது. அவள் ஒரு ஜிப்பைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"உன் ஸ்டாப் வந்தாச்சு. எறங்கலையா?"

தையலம்மா தலையைத் தூக்கவில்லை. "கடைசி ஸ்டாப் வரைக்கும் டிக்கெட் எடுத்திருக்கேன். நீங்க ஓட்டுங்க."

டிரைவர் கேட்டில் நின்ற பஸ்ஸை விரலால் முதலில் தள்ளிவிட்டு, ரயிலைக் கிளப்பினார்.